ஏழாவது நிறுத்தத்துக் கல்

ஞானப்பூ அக்காவின் சவப்பெட்டியைத் தார் ரோட்டில் வைக்க வைத்தவன் நான். இந்த வாக்கியத்தை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். சூழ்நிலை என்று எழுதினேன். நிறுவனத்தின் முடிவு என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

செய்தி வந்தபோது நான் உடும்பஞ்சோலையில் இருந்தேன். ஒரு ஏலத்தோட்டத்து ஓரமாக ஜீப்பை நிறுத்தி, அடுத்த வளைவு வரை எத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா வண்டிகளுக்காகப் பாதைகள் அமைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. எந்த ரோட்டில் போகலாம், எங்கே இறங்கலாம், எதைப் பார்க்கலாம், அதற்கு என்ன கதை என்று தீர்மானிப்பவர்கள் நாங்கள். கதை எழுதுவது என் பொறுப்பு. போனில் அக்காவின் மகள் ஸ்டெல்லா.

"சகாயண்ணே, அம்மா போயிட்டாவ. காலைல அஞ்சு மணிக்கு. ஆஸ்பத்திரிலயே."

நுரையீரலில் சளி கட்டி ஆறு நாளாகப் படுத்திருந்தார். தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கோம். வந்துருங்க." பிறகு கேட்டாள்: "கல்லுல வைக்க முடியுமாண்ணே?"

"பாத்துக்கிடலாம்" என்றேன். எதையும் செய்யப் போவதில்லை என்று முடிவான பிறகு சொல்லும் சொல் அது.

அக்காவை அறியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் சொல்கிறேன். தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது கதவு. புருஷன் செத்து வெகுகாலம். முழங்கால் போன பிறகு மலைச்சரிவில் ஏற முடியவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் தோட்டத்து ரோடு 'மூடுபனிப் பாதை' ஆயிற்று. பத்து நிறுத்தங்கள், பத்துப் பலகைகள். ஏழாவது நிறுத்தத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் அவர் பேரைக் கொடுத்தேன். பச்சைச் சட்டையும் ஈர்க்குமாறுமாக அவர் அங்கே நின்ற முதல் நாள், "ஏல, என்னயும் ஒரு செடின்னு நெனச்சு வெட்டிப்புடப் போறானுவ" என்றார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். பாதை திறந்த புதிதில், சனி ஞாயிறுகளில் லயத்துக்காரர்கள் ரோட்டுப் பக்கம் துணி காயப்போட வேண்டாம் என்று நிறுவனம் சொன்னது. காட்சி கெடுகிறதாம். அந்த நோட்டீசை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. வாங்கி மடித்துக் கதவிடுக்கில் செருகினார்கள். அந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்தால், ஏழாவது நிறுத்தத்துக் கம்பித் தடுப்பு முழுக்கத் துணி. மொத்த லயத்துச் சேலைகள், பாவாடைகள், பள்ளிக்கூட யூனிபாரம், கம்பளி. அக்கா நடுவில் நின்று ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"ரோட்டுப் பக்கம் போடாதன்னுதான சொன்ன? இது ரோட்டுக்கு அந்தப் பக்கம்ல."

அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கிய பெண்கள் அந்தச் சேலைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி பாவாடையை ஒதுக்கிவிட்டுச் சேலையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்து, "கலரு நல்லாருக்குங்காவ. உங்க ஆபீசுல சொல்லு" என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது மட்டும்தான் எனக்கு வெட்கமில்லாமல் நினைவிருக்கிறது.

அந்த ஏழாவது நிறுத்தத்தில்தான் கல் இருக்கிறது. இரண்டு கற்களை நட்டு, மேலே நீளமாக ஒரு கல்லைப் படுக்க வைத்த சுமைதாங்கி. இடுப்புக்கு மேல் உயரம். வேலை நாளில் கொழுந்து மூட்டையை இறக்கி மூச்சு விடுகிற இடம். சாவு நாளில் அதற்கு வேறு வேலை. லயத்திலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஒரே ஏற்றம். வளைவுக்கு வந்ததும் பெட்டியை அந்தக் கல்லில் வைப்பார்கள். தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்ள என்று வெளியாள் நினைக்கக்கூடும். அது பாதிதான். செத்த வீட்டாருக்குத்தான் லீவு. மற்றவர்கள் அன்றைக்கும் மேலே பீல்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். பெட்டி கல்லுக்கு வந்ததும் கங்காணி ஒரு விசில் கொடுப்பார். பெண்கள் செடிக்குள்ளிருந்து இறங்கி ரோட்டுக்கு வருவார்கள். கறை படிந்த கையால் பெட்டியைத் தொடுவார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள், சிலர் கும்பிடுவார்கள். பத்து நிமிஷத்தில் இரண்டாவது விசில். திரும்ப ஏறிவிடுவார்கள். வேதக்காரர், இந்து என்று பார்த்ததில்லை. முருகையா தாத்தாவின் பாடையும் அங்கேதான் இறங்கியது. அந்தப் பத்து நிமிஷந்தான் கூட வேலை செய்தவர்களுக்குக் கிடைக்கிற சாவு வீடு. கல்லறை போகும்வரை பெட்டி மண்ணைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதற்கும் அந்தக் கல்தான் இருந்தது.

என் அப்பாவின் பெட்டியை அதில் வைத்தபோது எனக்குப் பதினாறு வயது. ஞானப்பூ அக்கா மேலேயிருந்து ஓடி வந்தார். கையை இடுப்பில் கட்டியிருந்த படுதாவில் துடைக்கப் போனவர், துடைக்காமலே பெட்டியில் வைத்தார். "இந்தக் கறைய அண்ணனுக்குத் தெரியும்" என்றார். பெட்டியின் வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் பதிந்து கிடந்தன.

இவ்வளவும் தெரிந்துதான் எழுதினேன். எங்கள் மேலாளர் கேட்டார், "சவப்பெட்டி வைக்கிற கல்லுன்னு போர்டு வச்சா எந்தப் பேமிலி வண்டியை விட்டு இறங்கும், சகாயம்?" எனக்கும் நியாயமாகப் பட்டது. அரைமணி நேரத்தில் ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். தோட்டத்தின் முதல் துரைக்கு ஒரு மனைவி. தினமும் மாலையில் அந்தக் கல்லில் உட்கார்ந்து, குதிரையில் வரும் துரைக்காகக் காத்திருப்பாள். அவள் இறந்த பிறகும் மூடுபனி நாட்களில் அங்கே ஒரு வெள்ளை உருவம் தெரியும். நிறுத்தத்தின் பெயர், துரைசாணி இருக்கை. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பலகை வைத்தோம். தமிழில் வைக்கவில்லை.

பாதை திறந்து ஒரு மாதம் கழித்து அக்கா என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இங்க இருக்கவ பூராந் தமிழு. பலகைல மட்டும் தமிழு இல்ல. வாசி. என்ன எழுதிருக்க?"

வாசித்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏல, அந்தக் கல்லு ஒசரம் என்ன? கவுனப் போட்டுக்கிட்டு எப்பிடில ஏறுனா? ரெண்டு கங்காணி தூக்கி விட்டானுவளோ?"

பக்கத்தில் நின்ற டிரைவரும் சிரித்தார். பிறகு அக்கா கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கப்பனயும் இதுலதாம்ல வச்சோம்."

நான் மணி பார்த்தேன். இன்னொரு நிறுத்தத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னேன்.

உயரம் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், "ஆட்கள் ஏறி உட்கார முடியவில்லை" என்று நானே சொன்னேன். கல்லுக்கு இரண்டு படி கட்டினோம். பொய்யை உட்காரக்கூடியதாக ஆக்கினோம்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லேப்பிள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நெல் விவசாயம் செய்கிறவர்கள். வீட்டம்மா கல்லில் ஏறி வசதியாக உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார்: "ஏனுங்க அக்கா, துரைசாணி தெனமும் இங்கதான் உக்காந்திருப்பாங்களாமா?"

"உக்காருங்கம்மா, நல்லா உக்காருங்க. இது பொணம் வைக்கிற கல்லு. போன மாசங்கூட ஒண்ணு வச்சோம்."

அந்தம்மா குதித்து இறங்கியதில் செருப்பு அறுந்தது. வீட்டுக்காரர் கோபப்பட்டார். ஆனால் அந்தம்மா கோபப்படவில்லை. "முன்னாலயே சொல்லியிருந்தா ஏறியே இருக்க மாட்டேனுங்களே. எங்க ஊட்டுலயும் போன வருசந்தானுங்க ஒரு சாவு" என்று சொல்லி, கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா பிற்பாடு என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை இது: "சொன்னா மனுசருக்கு வெளங்குதுல. நீங்க சொல்ல மாட்டேங்கிய."

வீட்டுக்காரர் புகார் எழுதினார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டுகிற அம்மாவின் வாயை மூடு, இல்லையென்றால் ஆளை மாற்று என்றார். நான் போனேன். அக்காவிடம் கெஞ்சும் குரலில் பேசினேன். வேலை போய்விடும் என்று சொன்னேன். உங்கள் வேலை என்றுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"யாரு வேலடே? ஒன் வேலயா, என் வேலயா?"

நான் ஜீப் சாவியைக் கையில் எடுத்தேன்.

"சரி. நா வாயத் தொறக்கல. நீ பலகைய மாத்து. அடுத்த சீசனுக்குள்ள. தமிழுலயும் எழுது. இது எங்க கொழுந்து மூட்டையும் எங்க பெட்டியும் எறக்குன கல்லு, அவ்வளவுதான். பேயி கீயி ஒண்ணும் வேண்டாம்."

ஒத்துக்கொண்டேன். அவர் தம் வாக்கைக் காப்பாற்றினார். யார் கேட்டாலும் பலகையைக் கை காட்டி, "எழுதிருக்காம்லா, வாசிச்சுக்கிடுங்க" என்பார். அந்த வாய் அடங்கியதை நான் என் சாமர்த்தியம் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். இரண்டு சீசன் போயிற்று. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "பலக?" என்று ஒரு சொல் கேட்பார். "ஆபீசுல அபேட்சை போட்டிருக்கேன்க்கா" என்பேன். அப்படி ஒரு விண்ணப்பத்தை நான் எழுதவே இல்லை.

இந்த மழைக்காலம் முடிந்ததும் கல்லின் மேல் இரும்புச் சட்டம் வைத்தோம். முதுகு சாய ஒரு பலகை. இரண்டு ஓரத்திலும் நாற்காலிக்கு இருப்பது போல் கை. நடுவில் இன்னொரு கை, யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாது என்று. கல்லைத் துளைத்து போல்ட் போட்டு இறுக்கினார்கள். அளவெடுத்துக் கொடுத்தவன் நான். துளைக்கும்போது வந்த மாவை அக்கா கூட்டி அள்ளினார். வேலை முடிந்ததும் நடுக் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"எம்பொட்டிய எங்கல வைப்பிய?"

"ஒங்களுக்கு இன்னும் நூறு வருசம் இருக்குக்கா."

"நூறு வருசத்துல துருப் புடிச்சு விழுந்துரும். நல்லதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவர் இறந்த செய்தி வந்ததும் மேலாளருக்குப் போன் செய்தேன். ஒரு நாளைக்கு மட்டும் சட்டத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை, சீசன், எல்லா வண்டியும் வரும், முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார். சரி என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஜீப்பில் என் சீட்டுக்கு அடியில்தான் ஸ்பானர் பெட்டி இருந்தது.

சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வளைவுக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் சிலுவை, பாட்டு, பிறகு ஆறு பேர் தோளில் அக்கா. ரோட்டோரம் நாலைந்து சுற்றுலா வண்டிகள். கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி மரியாதையாக எழுந்து ஒதுங்கி நின்றது. அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. தூக்கி வந்தவர்கள் பழக்கத்தில் கல்லுக்குத் திரும்பி, தோளைத் தாழ்த்தினார்கள். பெட்டியின் அடி நடுக் கையில் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் வழுக்கியது. "ஏ, பிடி பிடி" என்று சத்தம். ஸ்டெல்லா கத்தினாள். திரும்ப ஆறு பேரும் தோளுக்கு ஏற்றினார்கள். அதற்குள் கங்காணி விசில் கொடுத்துவிட்டார். மேலேயிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். தோள் உயரத்தில் இருக்கிற பெட்டியைக் குட்டையான பெண்களால் தொட முடியவில்லை. எக்கினார்கள்.

"எறக்குங்கய்யா, தொடணும்" என்றார் ஒருவர்.

"எங்க எறக்க? எங்க எறக்கச் சொல்லுத?" தூக்கியிருந்தவர்களில் ஒருவர் அழுதுகொண்டே கேட்டார்.

இறங்கி வந்த பெண்களில் கிரேஸ் அக்கா முதலில் தன் இடுப்பிலிருந்த படுதாவை அவிழ்த்தார். கொழுந்துச் செடி கிழிக்காமலிருக்கக் கட்டும் அந்தப் பிளாஸ்டிக் படுதாவைத் தார் ரோட்டில் விரித்தார். இன்னொருவர் மேலே இன்னொன்றை விரித்தார். பன்னிரண்டு படுதாக்கள் இருக்கும். அவற்றின் மேல் ஞானப்பூ அக்காவை இறக்கினார்கள். பெண்கள் ரோட்டில் மண்டியிட்டுத் தொட்டார்கள். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. யாரோ அதட்டி நிறுத்தினார்கள். ஒரு இளைஞன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தின் கடைசியில், நிறுவனத்தின் சின்னம் போட்ட கோட்டோடு. அவசரத்தில் மாற்றாமல் வந்திருந்தேன். ஒரு வண்டியின் கண்ணாடி இறங்கியது. "சேட்டா, ஈ பாயின்ட் இன்னு குளோஸ் ஆணோ?" என்று ஒருவர், இந்த இடம் இன்றைக்கு மூடலா எனக் கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. "அடுத்த பாயின்ட் மூணு கிலோமீட்டர், வலது பக்கம், பார்க்கிங் உண்டு" என்றேன். மலையாளத்தில், தெளிவாக, புன்னகையோடுகூட. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அவள் என்னை ஏசியிருக்கலாம். தாயின் காலடியில் கிடந்த படுதாவின் சுருக்கத்தை நேராக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது விசில் அடித்தது. பெண்கள் படுதா இல்லாமல் மேலே ஏறினார்கள்.

கல்லறையில் நான் மண் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை.

ஞானப்பூ அக்கா பெரிய தலைவி இல்லை. சங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முறுக்குத் தின்பவர். கேட்டதெல்லாம் ஒரே ஒரு பலகை. மலையைப் பார்க்க வருகிறவர்களிடம், இந்த மலையில் வேலை செய்கிறவர்கள் எங்கே சுமை இறக்குவார்கள் என்று உண்மையைச் சொல் என்று கேட்டார். அதை மறைத்தது வெள்ளைக்கார துரை அல்ல. அந்த லயத்தில் பிறந்து, அந்தக் கல்லில் அப்பாவை வைத்தவன் மறைத்தான். எங்களைப் போல் படித்து வெளியே வந்தவர்களுக்கு இந்த வேலை சுலபமாகக் கிடைக்கிறது. ஊர் தெரியும் என்பதற்காகத்தான் எடுக்கிறார்கள். எதைச் சொல்லக் கூடாது என்று எங்களுக்குத்தானே சரியாகத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுவாரம், முதல் முறையாக அந்த விண்ணப்பத்தை எழுதினேன். சட்டத்தைக் கழற்ற வேண்டும், படியை இடிக்க வேண்டும், பலகையில் அக்கா சொன்ன வாக்கியத்தைத் தமிழிலும் எழுத வேண்டும். பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஏலப் பாதைக்கு இன்னும் மூன்று கதை பாக்கி. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் நீயே கழற்றினால் என்ன என்றும் கேட்பீர்கள். இரண்டு தடவை வளைவு வரை போனேன். வண்டிகள் நின்றிருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. எழுத வராததால் அவர் போனில் குரலைப் பதிந்துதான் அனுப்புவார். ஆஸ்பத்திரியிலிருந்து, இறப்பதற்கு மூன்று நாள் முன்பு அனுப்பியது. உடும்பஞ்சோலையில் ஜீப்பில் உட்கார்ந்து கேட்டேன். வேலை முடிந்து பதில் போடலாம் என்று வைத்தேன். நடுவில் இருமல் இருக்கிறது, யாரோ நர்சைக் கூப்பிடுகிற சத்தம் இருக்கிறது. குரல் வழக்கம் போலத்தான் இருக்கிறது.

"ஏல சகாயம். பலகைய மாத்தாட்டாலும் போவுது. அந்தக் கைய மட்டும் கழட்டி உட்ரு. நாலு போல்ட்டுதான், நா எண்ணிப் பாத்துட்டேன். எப்பம் வாரன்னு சொல்லு."